துவைக்காத சட்டை

சொந்த வீட்டு வாசலில் நம்மையே நிறுத்திவைத்து ஒரு நாய் குரைத்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, எனக்குத் தெரியும். போன மாதம் என் மகன் கார்த்திக்கும் தெரிந்தது.

கனடாவிலிருந்து மூன்று வருடம் கழித்து வந்தவன், பெட்டியோடு தெருவில் நின்று, "யப்பா, இதக் கட்டிப்போடுங்கப்பா!" என்று கத்தினான். ராஜபாளையத்து நாய். பார்க்க வெள்ளை வெளேரென்று சாதுவாகத்தான் இருக்கும். வீட்டு ஆள் யார் என்பதில் மட்டும் கண்டிப்பு. "ஏ வீரா!" என்று அதட்டிச் சங்கிலியைப் பிடித்தேன். சிரிப்புத்தான் வந்தது. ஒருகாலத்தில் வீட்டு வாசலில் நின்று நானும் அப்படிக் கத்தியவன்தான்.

அப்போது நான் பட்டாளத்தில். வருடத்துக்கு ஒருமுறை லீவு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் இறங்கிய பிறகுதான் பிள்ளைக்கு ஒன்றுமே வாங்கவில்லை என்பது உறைக்கும். வெளியூர்க்காரர்களோடு வரிசையில் நின்று பால்கோவா வாங்கிக்கொண்டு போவேன். சிரிக்காதீர்கள். கார்த்தி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இது நம்மூரு கோவாம்மா" என்பான். அதையும் அம்மாவிடம்தான் சொல்வான். என்னோடு பேச அவனுக்கு நாலைந்து நாள் ஆகும்.

அன்றைய நாய்க்கும் வீரா என்றுதான் பெயர். பெயர் வைப்பதில் எங்களுக்கு அவ்வளவு கற்பனை. ராஜபாளையத்திலிருந்து மச்சினன் கொண்டுவந்து விட்ட குட்டி, என்னைப் பார்க்காமலே வளர்ந்து, முதல் லீவில் என்னை வீட்டுக்குள் விடமாட்டேன் என்றது. அதனால் என் மனைவி பேச்சி ஒரு வேலை செய்தாள். லீவு முடிந்து நான் கிளம்பியபோது, கழற்றிப்போட்ட சட்டையைத் துவைக்காமல் நாய் படுக்கிற சாக்கின் மேல் விரித்தாள். ஷூ பாலிஷும் மெஸ் கடுகெண்ணெயும் மணக்கிற சட்டை.

"அடுத்த தடவ வாரப்ப ஒங்கள மறந்துரக் கூடாதுல்ல."

"பிள்ள மறந்தான்னா?" என்றேன் கேலியாக.

"அவனுக்கு எம்புட்டுச் சட்டையப் போட?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த வருடம் நாய் என்னைக் கண்டதும் வாலை ஆட்டியது. பிள்ளை கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"இருந்தது போதும், வந்துருங்க" என்று ஒவ்வொரு லீவிலும் சொல்வாள். "மொதல்ல வீட்டக் கட்டி முடிச்சிருவோம், பொறவு எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்" என்பேன். வீடு முடிந்ததும் அவன் படிப்பு வந்தது. படிப்பு முடிந்து நான் பென்ஷனோடு வீடு வந்து சேர, அவன் விமானம் ஏறினான். வீடு நல்ல வீடு, குறை சொல்ல முடியாது. மாடியில் அவனுக்கென்று கட்டிய அறையில் மிளகாய் வத்தல் மூட்டை இருக்கிறது.

இந்தத் தடவை அவன் கிளம்புவதற்கு முதல் நாள், செண்பகத்தோப்புப் பக்கம் வண்டியில் கூட்டிப்போனேன். பேச வேண்டும் என்றுதான். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"எப்பதாம்லே ஊருக்கு வந்து சேருவ?"

"மொதல்ல அங்க வீட்டு லோன் முடியட்டும்ப்பா. பொறவு எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் சண்டை பிடித்திருப்பேன். அது நான் வருடக்கணக்காகச் சொன்ன பேச்சு. "வண்டிய எடு, மழை வாரமாதிரி இருக்கு" என்றேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

மறுநாள் அவன் கிளம்புகையில் வீரா ரோடு வரைக்கும் பின்னாலேயே போனது. அப்போதுதான் பழகியிருந்தது. திரும்பி வந்த பேச்சி, அவன் கழற்றிப்போட்ட டீ-சர்ட்டை எடுத்துச் சாக்கின் மேல் விரித்தாள்.

நாய் எழுந்து போன நேரம் பார்த்து அதை எடுத்து முகர்ந்து பார்ப்பேன். பேச்சியும் முகர்கிறாள், எனக்குத் தெரியும். முதல் வாரம் அவன் வியர்வை இருந்தது, அவன் போடுகிற ஏதோ சென்ட்டும் இருந்தது.

இன்று காலையிலும் எடுத்து முகர்ந்தேன். நாய் வாசம் மட்டும்தான் இருந்தது.