விமானத்தில் சும்மாடு போட்டவள்

ஜவ்வாது மலையில் வெள்ளையம்மாளைத் தெரியாதவர்கள்கூட அவளுடைய சும்மாட்டைத் தெரிந்து வைத்திருந்தார்கள். பழைய சேலையைச் சுருட்டிக் கட்டி, புளிக்கூடைக்கு அடியில் தலையில் வைத்துக்கொள்கிற வளையம்தான் அது. போளூர் போகிற காலை பஸ் வந்து நிற்பதற்குள் அவள் கையிலிருந்து பறக்கும். ஜன்னல் வழியாக உள்ளே போய், டிரைவருக்குப் பக்கத்து முன் சீட்டில் விழும். சும்மாடு விழுந்த இடத்தை மலையில் ஒருத்தரும் தொடமாட்டார்கள். ஊர்ப் பெரியவரே ஏறினாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் வரவேண்டும்.

எண்பத்தெட்டாம் வருஷம், வேலூருக்குப் பக்கத்தில் இருந்த திடலிலிருந்து சின்ன விமானங்கள் பறக்கத் தொடங்கின. கருடன் என்று ஒரு கம்பெனி, அன்னம் என்று ஒரு கம்பெனி. இரண்டும் மெட்ராசுக்கும் பெங்களூருக்கும் ஓட்டின. கருடன் டிக்கெட்டில் பத்து ரூபாய் குறைத்தால் மறுநாளே அன்னம் பதினைந்து குறைக்கும். அன்னம் ஏறியவர்களுக்கெல்லாம் எலுமிச்சை சாறு கொடுத்தது. கருடன் சாறோடு முறுக்கும் சேர்த்துக் கொடுத்தது. போளூர் சந்தைக்கு அன்னம் ஒலிபெருக்கி கட்டிய ஜீப்பை அனுப்ப, கருடன் இரண்டு ஒலிபெருக்கி கட்டி அனுப்பியது. இரண்டு ஜீப்பும் எதிரெதிரே நின்று கத்தியதில் ஒரு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ரயிலடி வரைக்கும் ஓடியது. கடைசியாகக் குலுக்கலில் இறங்கினார்கள். பேர் விழுந்தவர்களுக்கு வருகிற வெள்ளிக்கிழமை மலையை ஒரு வட்டம் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னார்கள். அன்னத்தின் குலுக்கலில் வெள்ளையம்மாள் பேர் விழுந்தது.

ஊரே சிரித்தது. புளி விற்றுவிட்டு வந்தவளை எவனோ ஏமாற்றியிருக்கிறான் என்றார்கள். நாத்தனார் கெங்கம்மாள் சிரிக்கவில்லை. அவளுக்குப் பல வருஷமாக அந்த முன் சீட்டின் மேல் ஒரு கண்.

"வெள்ளிக்கிழம நான் நம்ம சாமைக்கொல்லையில நின்னு பாக்கறேன் அண்ணி," என்றாள். "நீ மேல போனா சரி. போவலன்னா, இனிமே பஸ்ஸுல அந்த எடம் என்னுது."

வெள்ளையம்மாள் வாய்க்கு வந்த வேகத்தில் சரி என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை, கணவன் பழனியோடு திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரே ஒரு விமானம்தான் நின்றது. அதன் வாலில் கருடனைப் பாதி அழித்து, அதன் மேலேயே அன்னத்தின் கழுத்தை வரைந்திருந்தார்கள். இப்படியே அடித்துக்கொண்டிருந்தால் இரண்டு பேருக்கும் மிஞ்சாது என்று, புதன்கிழமைதான் இரண்டு கம்பெனியும் ஒன்றாகியிருந்தன. விமானம் ஒன்றாகிவிட்டது, ஆட்கள் ஆகவில்லை. இரண்டு மேனேஜர்கள் இருந்தார்கள். இரண்டு பைலட்டுகள் இருந்தார்கள். குலுக்கலில் ஜெயித்தவர்கள் கருடனுக்கு ஆறு பேர், அன்னத்துக்கு ஆறு பேர். விமானத்தில் பின்னால் ஆறு சீட்டு, முன்னால் ஓட்டுகிறவருக்கு ஒன்று, அவருக்குப் பக்கத்தில் ஒன்று.

மேனேஜர்கள் உங்க ஆளு, எங்க ஆளு என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு, கம்பெனிக்கு மூன்று பேர் என்று முடிவு செய்தார்கள். அன்னத்தின் மூன்று பேரில் வெள்ளையம்மாள் இல்லை. அவளை அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். பழனி நல்லதாய்ப் போயிற்று என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

அடுத்த மாதம் பறந்து என்ன செய்வது? கெங்கம்மாள் இன்றைக்கல்லவா கொல்லையில் நிற்கிறாள்!

வெள்ளையம்மாள் சுற்றிலும் பார்த்தாள். பைலட்டுகள் இரண்டு பேரும் வேப்பமரத்துக்கு ஆளுக்கொரு பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். கருடனின் சிங்காரம் ஓட்டுவார், அன்னத்தின் அர்ச்சுனன் பக்கத்தில் உட்காருவார் என்று மேனேஜர்கள் சொல்லியிருந்தார்கள். பதினைந்து வருஷம் ஓட்டிய அர்ச்சுனனுக்குச் சிங்காரம் பக்கத்தில் சும்மா உட்காருவதில் இஷ்டமே இல்லை. விமானத்தின் முன் கதவு திறந்து கிடந்தது. அவள் கை அதன் பாட்டுக்கு எழுந்தது.

அர்ச்சுனன் ஏறப் போனபோது சீட்டில் சும்மாடு கிடந்தது.

"இது இன்னாம்மா?"

"சும்மாடுங்க. நான் எடம் புடிச்சிருக்கேன்."

"இது பைலட் உக்கார்ற எடம். எடு."

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே போட்டுட்டேனுங்க," என்றாள் வெள்ளையம்மாள். எடுக்கவில்லை.

சிங்காரம் அந்தப் பக்கக் கதவிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஓட்டுவதற்குத் தான் ஒருத்தரே போதும் என்றார். போட்ட துணியை எடுக்கச் சொல்வது பாவம் என்றும் சேர்த்துக்கொண்டார். அன்னத்தின் மேனேஜர் விரல்விட்டு எண்ணினார். இந்தம்மா ஏறினால் அன்னத்துக்கு நாலு பேர், கருடனுக்கு மூன்றுதான். அவர் உடனே சரி என்றார். கருடனின் மேனேஜர் பைலட்டையும் சேர்த்து எண்ணிப் பார்த்துவிட்டு அவரும் சரி என்றார். அர்ச்சுனன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே வேப்பமரத்துக்குத் திரும்பிப் போனார். தப்பித்தோம் என்கிற மாதிரி இருந்தது அந்த நடை.

விமானம் தடதடவென்று ஓடி எழும்பியபோது வெள்ளையம்மாளின் வயிறு திடலிலேயே நின்றுவிட்டது. அப்புறம் அதுவும் பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நிறுத்த முடியவில்லை.

சிங்காரம் ஊர் எது என்று கேட்டார். பிறந்ததிலிருந்து நடந்த மலை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லாம் ஒரே பச்சையாக மடிந்து கிடந்தது. காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற வெள்ளைக் கூண்டு முட்டை மாதிரி தெரிந்த பிறகுதான் அவளுக்குத் திக்கு பிடிபட்டது. அங்கிருந்து கண்ணாலேயே நடந்தாள். ஒரு சரிவு, ஒரு ஓடை, மறுபடி ஒரு சரிவு, புளியந்தோப்பு. தோப்பைத் தாண்டி மஞ்சளாய் ஒரு சாமைக்கொல்லை, அதன் நடுவில் சிவப்பாய் ஒரு புள்ளி.

"அந்தாண்ட திருப்புங்க," என்றாள், பஸ் டிரைவரிடம் சொல்வதுபோல. "கொஞ்சம் கீழ எறக்குங்க. எங்க நாத்தனா கொல்லையில நின்னு பாக்கறா."

சிங்காரம் சாய்த்து இறக்கினார். பின்னால் போளூர் அரிசி புரோக்கர் கண்ணாயிரம், குடித்த எலுமிச்சை சாற்றைக் கம்பெனிக்கே திருப்பிக் கொடுத்தார். சிவப்புப் புள்ளி கொல்லையில் இங்கும் அங்கும் ஓடி, தொப்பென்று கதிருக்குள் குப்புற விழுந்தது.

"பாத்துட்டாங்களாம்மா?" என்று கேட்டார் சிங்காரம்.

"விமானத்தப் பாத்துட்டா. என்னப் பாக்கல. குப்புறப் படுத்துக்கினா எப்டித் தெரியும்?" வெள்ளையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கண்ணாடியோடு முகத்தை ஒட்டவைத்தாள். "எழுந்திருப்பா. இன்னொரு சுத்து போங்க."

பின்னாலிருந்த ஆறு பேரும் கருடன், அன்னம் என்று பார்க்காமல் ஒரே குரலில் வேண்டாம் என்று கத்தினார்கள். சிங்காரம் மறுபடியும் கொல்லைப் பக்கமே திருப்பினார்.