கைக்குச் சில்லென்று, உள்ளே நூறு டிகிரி

பின்லாந்தில், சவொன்லின்னா ஊருக்கு வடக்கே ஓர் ஏரி. கரைக்கும் தீவுக்கும் நடுவே கார்களையும் பால் வண்டியையும் ஏற்றிக்கொண்டு ஒரு தட்டையான மஞ்சள் படகு போய்வரும். அதை ஓட்டுகிறவள் ஓர்வொக்கி. ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். எஞ்சினில் எது முனகினாலும் பட்டறைக்குச் சொல்லி அனுப்புவதற்குள் தானே கையை விட்டுப் பார்த்துவிடுவாள்.

ஏரி உறைந்து, அதன்மேலேயே வண்டிகள் போகும் பனிச்சாலை திறந்தால் படகுக்கு ஓய்வு. ஓர்வொக்கிக்கு அப்போதுதான் வேலை. பனியில் துளை போட்டு, தண்ணீருக்குள் மைக்கை இறக்கி, உறைந்த ஏரி போடும் சத்தங்களைப் பதிவு செய்வாள். ஏன் என்று யாராவது கேட்டால், "அது பேசுது, நான் கேக்கறேன்" என்பாள். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

பல குளிர்காலங்களின் பதிவுகள் சேர்ந்திருந்தன. ஆனால் எல்லாவற்றிலும் பனிச்சாலை வண்டிகளின் இரைச்சல் கலந்து கிடந்தது. இரைச்சலைப் பிரித்தெடுக்கும் புரோகிராமை ஓடவிட்டால் பழைய லேப்டாப் மூச்சு வாங்கிப் படுத்துவிடும். அதனால்தான் அந்த வருஷம் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, சமையலறை மேசையில் பரப்பி, தானே ஒரு கம்ப்யூட்டர் பூட்டினாள்.

பூட்டியது முதல் தடவையே உயிர் பெற்றது. அந்தச் சந்தோஷம் காபி ஆறும்வரைகூட நிலைக்கவில்லை. திரையில் பிராசசரின் வெப்பத்தைக் காட்டும் எண் சும்மா இருக்கும்போதே எழுபதில் நின்றது. வேலை கொடுத்த மாத்திரத்தில் நூறுக்குத் தாவியது. தாவியதும் பிராசசரின் வேகம் பாதியாக இறங்கியது. பதிவைச் சுத்தம் செய்யும் வேலை பழைய லேப்டாப்பைப் போலவே நொண்டியது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தவுனோவும் அண்ணி ஹில்க்காவும் ஏலக்காய் பன்னோடு வந்தார்கள். தவுனோ திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"நூறு டிகிரியா? நல்ல சவுனா ரூமாச்சே, வேர்த்துக் குளிக்கலாம்! தண்ணிய ஊத்து, நான் துண்டோட வர்றேன்."

"சவுனாவுல நீ கால் மணி நேரத்துல வெளிய ஓடிருவே அண்ணா. இது ஓட முடியாதே."

"அப்ப அதையே வெளிய தூக்கிட்டுப் போவோம். பொழுது பூரா மைனஸ் இருபதுல ஊரே உறையுது. இதுக்கு மட்டும் என்ன சூடு?"

விளையாட்டாகத்தான் சொன்னான். ஓர்வொக்கிக்கோ அது சரியென்று பட்டது. நீளமான வயரை இழுத்து, பெட்டியை வாசல் கண்ணாடிக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சூடாக்கி கிடையாது. வெளிக் கதவையும் திறந்து வைத்தாள். மூச்சு புகையாகப் போனது. தவுனோவின் மீசையில் வெள்ளை பூத்தது. ஓர்வொக்கி வேலையை ஓடவிட்டாள்.

நூறு.

மூக்கு விறைக்கும் குளிர், நடுவில் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பிராசசர் சில்லு, அதற்குள் கொதிக்கும் தண்ணீரின் சூடு. ஓர்வொக்கி கையுறையைக் கழற்றி, பிராசசரின் மேல் உட்கார்ந்து சூட்டை உறிஞ்ச வேண்டிய கூலரின் தகடுகளைத் தொட்டாள். பனிக்கட்டியைத் தொட்டதுபோல விரல் ஒட்டியது.

"அண்ணி, தொட்டுப் பாருங்க."

ஹில்க்கா தொட்டுவிட்டுக் கையை உதறினாள். "ஐயோ, ஜில்லுனு இருக்கே! பொய் சொல்லுதா அந்த எண்?"

"படகு எஞ்சின் கொதிச்சு ரேடியேட்டர் மட்டும் சில்லுனு இருந்தா என்ன அர்த்தம்? எஞ்சின்ல இருந்து தண்ணி அங்க போகலைன்னு அர்த்தம். இங்கயும் சூடு மேல ஏறவே இல்ல. குளிர் பத்தாம இல்ல, வழிதான் இல்ல."

உடனே கழற்றத் துடித்தாள். ஆனால் உறைந்த பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்தால் உள்ளெல்லாம் வேர்க்கும் என்பது மூக்குக் கண்ணாடி போட்டவளுக்குத் தெரியாதா? மின் வயரைப் பிடுங்கிவிட்டு, மேசைமேல் வைத்து, ஈரம் முழுக்கக் காயும்வரை காத்திருந்தார்கள். பன் தீர்ந்தது. காபி இரண்டாம் முறை இறங்கியது.

பிறகு திருகுகளைத் தளர்த்தி, கூலரை நேராகத் தூக்கினாள். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே, சூட்டைக் கடத்துவதற்காகத் தடவியிருந்த சாம்பல் நிறப் பேஸ்ட் ஒரு ஓரத்தில் மட்டும் நசுங்கிப் பரவியிருந்தது. மற்ற இடத்தில் வைத்தது வைத்தபடி குமிழாக நின்றது.

"பேஸ்ட் போதலையோ?" என்றான் தவுனோ.

ஹில்க்கா பல் மருத்துவமனையில் உதவியாளர். அவள் குனிந்து, அந்தத் தடத்தையே பார்த்தாள். "இது பேஸ்ட்டு விஷயம் இல்ல. பல்லு அடைச்சதும் நீலத் தாளக் கொடுத்துக் கடிக்கச் சொல்றோம்ல? ஒரு பக்கம் மட்டும் நீலம் பட்டிருந்தா, எங்கயோ ஒரு பல்லு ஒசந்து நிக்குது, மத்ததெல்லாம் சேரலைன்னு அர்த்தம். எது ஒசந்திருக்குன்னு பாரு."

ஓர்வொக்கி கூலரைத் தாங்கிய நான்கு உலோகக் கால்களையும் தடவிப் பார்த்தாள். கூலர் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தாள். இன்னொரு பையில் அதே மாதிரி நான்கு கால்கள், மயிரிழை குட்டையாக. வேறு வகை மதர்போர்டுக்கான உயரக் கால்களை இதில் மாட்டியிருக்கிறாள். ஒரு பக்கத் திருகை இறுக்கியதில் கூலர் சாய்ந்து, அந்த ஓரம் மட்டும் பட்டிருக்கிறது.

"இவ்ளோதானா?" என்றாள். "இடுக்குல இருந்த இந்த மெல்லிசுக் காத்தா குறுக்க நின்னுச்சு? ஊர்க் குளிர் மொத்தத்தையும் இதுவா தடுத்துச்சு?"

பழைய பேஸ்ட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வைத்து, குட்டைக் கால்களில் கூலரை இறக்கி, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சங்கொஞ்சமாக முடுக்கினாள். இயக்கினாள். எண் முப்பத்தெட்டில் நின்றது. வேலையைக் கொடுத்தாள். எண் நிதானமாக ஏறி எழுபதுகளில் நின்றுகொண்டது. கூலரின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். அடியிலிருந்து மேலே, தகடு தகடாக, இளஞ்சூடு ஏறிவருவது கைக்குத் தெரிந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை.

"அண்ணி, இத்தன நாளும் கருகாம எப்படி இருந்துச்சு இது?"

"அதான் வேகத்தக் கொறச்சுக்கிச்சே, நீயே காட்டினியே."

"ஆமா. நான் அத சோம்பேறின்னு திட்டினேன். சூட்டைத் தானே அளந்து, கண்ணிமைக்கிற நேரத்துக்குள்ள எத்தனையோ தடவ தன்னைத் தானே அடக்கிட்டு இருந்திருக்கு. மூச்சு முட்ட முட்ட வேலை வேற செஞ்சிருக்கு!" ஓர்வொக்கிக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குள் முதல் பதிவு சுத்தமாகி வந்திருந்தது. ஒலிபெருக்கியைத் திருப்பினாள். வண்டிச் சத்தம் இல்லை. நெடுநேரம் ஒன்றுமே இல்லை. பிறகு எங்கோ வெகு தூரத்தில் விண்ணென்று ஒரு ஒலி கிளம்பி, வழுக்கிக்கொண்டே கீழிறங்கி, கரைக்குக் கரை ஓடியது. அதன் பின்னால் அடியாழத்திலிருந்து ஒரு முனகல். மேசையில் கிடந்த கரண்டி லேசாக அதிர்ந்தது. மறுபடி விண்ணென்று ஒன்று, இந்த முறை கிட்டத்தில்.

தவுனோ எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்து நின்றான். வெளியே ஏரி வெள்ளையாக, அசைவில்லாமல் கிடந்தது.

"இது நம்ம ஏரியோட சத்தமா?" என்று கேட்டான்.

"நம்ம ஏரிதான்."

"அது மேலதான நான் தினம் காரோட்டிட்டுப் போறேன்." ஜன்னலை விட்டுத் திரும்பாமலே, "இன்னொரு தடவ போடு" என்றான்.