மேலே போர்த்தினால் போதாது

படுக்கையில் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்க் கவனிப்பது அவள் வேலை. முப்பது வருஷமாகிறது. மலை வீடுகளுக்கு ஜீப்பில் கூட்டிப் போவது அவளுடைய தம்பி. அன்று திரும்பும் வழியில் மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது. இறங்கிப் பார்க்கப் போனவன் ஈரக்கல்லில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டான்.

பொழுது சாய்ந்துவிட்டது. போனில் சிக்னல் இல்லை. பள்ளத்தை ஒட்டி நின்ற ஜீப்பின் பின்சக்கரத்துக்கடியிலும் மண் உதிரத் தொடங்கியதால், அவனை எதிரே இருந்த தட்டைப் பாறைக்கு இழுத்துப்போட்டாள். பையில், ஆபத்துக்குப் போர்த்திக்கொள்ளும் வெள்ளித்தாள் விரிப்பு ஒன்று இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிறதே என்று வாங்கியது. கட்டிலில் கிடப்பவருக்குச் செய்வதுபோலவே கழுத்துவரை போர்த்தி, ஓரங்களைச் செருகினாள்.

"சாக்லேட் மாதிரி சுத்திட்டியேக்கா."

"வாயை மூடு. சூடு வெளிய போகுது."

தூறல் நிற்கவில்லை. அவன் நடுங்கத் தொடங்கினான். ஒரு மணி நேரம் கழித்து அவன் நடுக்கம் நின்றது. உடம்போ இன்னும் சில்லென்று இருந்தது; நடுங்கக்கூட அதில் தெம்பில்லை.

"தூக்கம் வதுதுக்கா," என்றான். நாக்கு குழறியது.

முதுகுக்கடியில் கையை விட்டாள். பாறையும் அவனும் ஒரே குளிர்ச்சி. அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமும் மேலே போர்த்துவதுதான் அவள் வேலை. கீழே எப்போதும் யாரோ போட்ட மெத்தை இருந்தது.

எழுந்து ஜீப்பை நோக்கி நடந்தாள்.

"வேணாங்கா... வண்டி போயிடும்."

"போனா போகட்டும். நீ போனா உன் பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

தரையில் குப்புறப் படுத்து முன்கதவு வழியாகக் கையை மட்டும் உள்ளே விட்டாள். கால்மிதி இரண்டும் வந்தன. இருக்கைக் குஷன் சிக்கிக்கொண்டது. இழுத்தாள். வண்டி ஒருமுறை முனகியது. கீழே கற்கள் உருண்டு போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு இழுப்பு. குஷன் கையோடு வந்தது.

படுக்கைவிரிப்பு மாற்றுவதுபோல அவனை ஒருபக்கமாகப் புரட்டிக் குஷனையும் மிதியையும் செருகி, மறுபக்கம் புரட்டி இழுத்துவிட்டாள். பிறகு அவன் முதுகோடு ஒட்டிப் படுத்து இருவரையும் சேர்த்துச் சுற்றினாள். விரிப்பு மடிப்போரம் கிழிந்தது. கிழிசலை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவனைத் தூங்க விடாமல் திட்டிக்கொண்டே இருந்தாள்.

எவ்வளவு நேரம் கழித்தோ, அவன் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

"குளுருதுக்கா."

"அப்பாடா. நல்லா நடுங்கு."

விடிந்ததும் மண் அள்ள வந்தவர்கள் அவனைத் தூக்கிப் போனார்கள்.

மறுவாரம் தம்பியோடு மலையேற்றச் சாமான் கடைக்குப் போய், ஆள் உள்ளே நுழைந்து படுக்கும் கெட்டியான பைக்கூடாரம் ஒன்றையும் மடக்குப் பாய் ஒன்றையும் எடுக்கச் சொன்னாள். முகத்தருகே காற்றுத் துளை இருக்கிறதா என்று பார்த்தாள்.

"இது கனமாச்சேம்மா," என்றார் கடைக்காரர். "ஒருத்தருக்கு வெள்ளித்தாளே போதும்."

"ஒருத்தருக்குன்னு யார் சொன்னா?"

கடை நடுவில் பாயை விரித்தாள். "டேய், வந்து படு."

"எல்லாரும் பாக்குறாங்கக்கா."

"பாக்கட்டும். படு."

பைக்குள் நுழைத்தபோது மாவுக்கட்டுப் போட்ட கால் பாதியிலேயே நின்றுவிட்டது. இருமுறை தள்ளிப் பார்த்தாள். அவன் பல்லைக் கடித்தான்.

"இது வேண்டாம்," என்றாள் கடைக்காரரிடம். "வாய் அகலமா வேற எடுங்க."