இலக்கியாவின் தலையில் இருந்தது முடிதான்

என் ஓரகத்தி இலக்கியாவின் தலையில் ஆத்தா இறங்கியதாக எங்கள் தெருவில் இன்றும் சொல்கிறார்கள். ஆத்தாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவள் தலையில் இருந்தது முடி. சிதம்பரம் தெற்கு வீதிப் பக்கம் ஒரு முடித்திருத்தும் கடையில், காலையிலிருந்து சாயங்காலம் வரை நாற்காலியில் உட்கார்ந்து, அவளே விரும்பிப் போட்டுக்கொண்ட ட்ரெட்லாக்ஸ், முடியைக் கயிறு கயிறாகத் திரித்துவிடும் சடை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தவள் நான். என்னை விடவா இந்தத் தெருவுக்குத் தெரியும்?

இலக்கியாவுக்குச் சிதம்பரம்தான் பிறந்த ஊர். ரத்தப் பரிசோதனைப் படிப்பு படித்தவள். என் கொழுந்தன் சேரனைக் கட்டிக்கொண்டு கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மஞ்சக்குப்பத்தில் ஒரு லேபில் வேலை. அதிகம் பேசமாட்டாள். ஊசி குத்துவதில் அவளுக்கு நல்ல கை, குழந்தைகள்கூட அவளிடம் அழாது. கல்லூரியில் படித்தபோது கோவில் பார்க்க வந்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் தலையில் அந்தச் சடைகளைப் பார்த்தாளாம். அன்றிலிருந்து ஆசை. வேறு காரணம் ஒன்றும் கிடையாது. பிடித்திருந்தது, செய்துகொண்டாள். ஒரு பெண் தன் தலையில் ஒன்றைச் செய்துகொள்வதற்கு இந்தக் காரணம் போதாதா என்று நான் எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன்.

அந்தக் கடைக்காரர் அருண்குமார் புதுச்சேரியில் தொழில் கற்றவர். கையில் சீப்பை எடுப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முதல் சில மாதம் கழன்று கழன்று வரும், பயப்படக் கூடாது. பிறகு உப்பிக்கொண்டு நாலா பக்கமும் நிற்கும். நீளம் பாதியாகக் குறைந்த மாதிரி தெரியும். குளிக்காமல் விட்டால் சீக்கிரம் சேரும் என்று சொல்வதெல்லாம் பொய். அழுக்கு முடி வழுக்கும், சுத்தமான முடிதான் ஒன்றோடு ஒன்று பிடிக்கும். ஆகையால் ஷாம்பு போட்டு அலசி, உள்வரை காயவிட வேண்டும், ஈரம் நின்றால் நாற்றம் எடுக்கும். ஒழுங்காக அமைய ஒரு வருஷத்துக்கு மேலே ஆகும்.

"படத்துல நீங்க பாக்குறது மூணு வருசத்து முடிங்க," என்றார். "நான் இன்னிக்கி ஆரம்பிச்சுதான் வைக்கிறேன். மீதிய முடிதான் பாத்துக்கணும்."

இலக்கியா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் ஐந்தாவது மாதம் கண்ணாடி முன்னால் நின்று அழுதாள். எல்லாம் தெரிந்துதானே உட்கார்ந்தாய் என்று நான் கேட்டதற்கு, தெரிந்ததுதான், ஆனாலும் இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று நினைக்கவில்லை என்றாள். பாதி சடை பிரிந்து தொங்கியது. மீதி விறைத்து நின்றது. அருண்குமாருக்கு போன் போட்டாள். நான் சொன்னது அப்படியே நடக்கிறது, தலையில் கை வைக்காமல் சும்மா இருங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் என்னிடம் தலையைக் காட்டுவாள். நான் ஒவ்வொரு சடையாக விரலால் அழுத்தி, இது கெட்டியாகி இருக்கிறது, இது இன்னும் இல்லை என்று சொல்வேன். லேபில் துணித் தொப்பி போட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். அங்கே யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

தொந்தரவு எல்லாம் வீட்டில்தான். எங்கள் மாமியார் விருத்தாம்பாள் முதல் நாளே ஆரம்பித்துவிட்டாள். பரட்டைத்தலைச்சி, பிச்சைக்காரி என்று வாய்க்கு வந்தபடி திட்டினாள். ஒரு வாரம் இலக்கியா கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. சிதம்பரத்துக்குப் போன் போட்டு அவள் அப்பா அம்மாவை வரவழைத்து, நடுவீட்டில் உட்காரவைத்து, பெண்ணை இப்படித்தான் வளர்த்தீர்களா என்று கேட்டாள். அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து எனக்குப் போன் செய்து, நீ அவளோடு சேராதே என்று புத்தி சொன்னார். நான் போனை வைத்துவிட்டேன்.

இலக்கியா அசையவில்லை. என் முடி, அத்தை என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை சின்னையன் வந்தார். தெருக்கோடி அங்காளம்மன் கோவிலில் பூசை செய்பவர். மாமியாருக்குத் தூரத்துச் சொந்தம், அண்ணன் முறை. தேங்காய்மூடி கொடுக்க வந்தவர், தலையை உலர்த்திக்கொண்டிருந்த இலக்கியாவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். சடை விழுந்திருக்கிறது, ஆத்தா வந்து உட்கார்ந்திருக்கிறாள், வீட்டில் வைத்துக்கொண்டே தெரியாமல் இருக்கிறீர்களே என்று மாமியாரைக் கடிந்துகொண்டார்.

அந்த அம்மாள் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். காலையில் பிச்சைக்காரி என்று திட்டிய அதே வாய் சாயங்காலம் ஆத்தா என்றது. மஞ்சளைக் கரைத்து, வேப்பிலையைப் போட்டு, இலக்கியா தடுக்கத் தடுக்கத் தலையில் ஊற்றினாள். உள்ளே ஈரம் நின்று நாறத் தொடங்கியது. இரண்டு நாள் அலசி, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து காயவைத்தாள் இலக்கியா.

செவ்வாய், வெள்ளி என்றால் வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். எலுமிச்சம்பழமும் வாழைப்பழமும் கையுமாக வருவார்கள். கல்யாணம் எப்போது ஆகும், காணாமல் போன மாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்பார்கள். இலக்கியா ஒவ்வொருவரிடமும் நின்று பதில் சொன்னாள். அம்மா, இது நானாகப் போட்டுக்கொண்டது, சிதம்பரத்தில் கடை இருக்கிறது, வேண்டுமானால் உங்களுக்கும் போட்டுவிடுவார் என்பாள். அருண்குமார் சடை பின்னியதை நான் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். அதையும் காட்டினாள். படத்தில் அவர் கையிலிருந்த குரோஷா ஊசியை, நூல் பின்னும் கொக்கி ஊசியைக் காட்டினாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரு கிழவி கேட்டாள்: "அந்த ஊசிய அவன் கையில குடுத்தது யாரு? ஆத்தாதான?"

இலக்கியா போனை அணைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனாள்.

சேரன் நல்லவன்தான், ஆனால் வம்பு என்றால் ஒதுங்கிப் போகிற ஆள். கரும்பு லாரி ஓட்டுகிறான். பாதி நாள் நெல்லிக்குப்பம் பாதையிலேயே போய்விடும். அவன் ஒருநாள் சாப்பிடும்போது பேச்சை எடுத்தான்.

"நாமளா போயி சொன்னோம்? அவுங்களா கும்புட்டா கும்புட்டுட்டுப் போறாங்க. இனிமே உன் முடிய வெட்டுன்னு சொல்றதுக்கு ஒருத்தனுக்கும் தைரியம் வராது. உனக்கு வேண்டியதும் அதுதான?"

"அது இல்ல மாமா," என்றாள் இலக்கியா. "இது நான் வச்சிக்கிட்ட முடின்னு சொல்லணும். எனக்கு அது போதும்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். எனக்கு அவன் தட்டைப் பிடுங்கிப் போடலாம் போல இருந்தது.

இப்படியே வருஷம் திரும்பியது. தலையும் திரும்பியது, அதைச் சொல்லியாக வேண்டும். அருண்குமார் சொன்ன மாதிரியே சடைகள் ஒவ்வொன்றாக இறுகி, உருண்டு, கீழே தொங்க ஆரம்பித்தன. நான் விரலால் அழுத்தினால் உள்ளே கெட்டியாக இருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு சிதம்பரம் போய்க் காட்டினாள். இப்போதுதான் பிடித்திருக்கிறது, இனிமேல் அழகு கூடிக்கொண்டே போகும் என்று அவர் சொல்லி அனுப்பினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு சடையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். முப்பத்தோரு வயதுப் பெண் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரமே லேபுக்கு ஒரு அம்மாள் வந்தாள். பேர் புஷ்பவள்ளி. அண்ணாகிராமம் பக்கத்து ஊர், பண்ருட்டியில் பலாப்பழம் விற்பவள். காலில் புண், சுண்டுவிரல் கறுத்துப் போயிருந்தது. இலக்கியா ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை நானூறைத் தாண்டி நிற்கிறது. மாத்திரை போடவில்லையா என்று கேட்டிருக்கிறாள். நிறுத்திவிட்டேன் என்றாள் அந்த அம்மாள். யார் நிறுத்தச் சொன்னது?

"முதுநகர்ல சடையாத்தா சொல்லிச்சி. தலமாட்டுல வச்ச துன்னூறு குடுத்தாங்க. அதத்தான் தின்னுக்கிட்டு வரேன்."

இலக்கியா அவளை அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள். இவள் வேலைக்குப் போன நேரத்தில், இவள் தலையணைக்கு அடியில் விபூதியை வைத்து எடுத்து, ஆத்தா வாக்கு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள் எங்கள் மாமியார். அந்த அம்மாளை ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் இலக்கியாதான். விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து மாமியார் எதிரே நின்றாள். ஆஸ்பத்திரிக்கு வந்து, ஆத்தா சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்று அந்த அம்மாளிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டாள். கெஞ்சித்தான் கேட்டாள். விருத்தாம்பாள் மூக்கைச் சிந்திக்கொண்டு, விரலோடு போயிற்றே, உயிர் நின்றதே ஆத்தா போட்ட பிச்சை என்றாள். அந்தக் கணத்தில் நான் மாமியாரை அடித்திருப்பேன். இலக்கியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புஷ்பவள்ளியிடம் தொப்பியைக் கழற்றிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மாள் அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஆஸ்பத்திரியை விட்டுப் போனதும் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரும்படி அவளைக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் பத்திருபது பேர் இருந்தார்கள். சின்னையனும் இருந்தார். புஷ்பவள்ளி காலில் கட்டோடு, கோலை ஊன்றிக்கொண்டு முன்னால் நின்றாள். இலக்கியா பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்து, கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினாள்.

"வெட்டுக்கா. எல்லாரும் பாக்கட்டும்."

சேரன் ஓடிவந்து வேண்டாம் என்று அவள் தோளைப் பிடித்தான். மாமியார், வீடு பற்றி எரியும், குலம் அழியும் என்று மாரில் அடித்துக்கொண்டாள். நான் வெட்டினேன். அவ்வளவு கெட்டியாக இருந்தது. ஒவ்வொன்றையும் நறநறவென்று அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தினமும் காலையில் நானே அழுத்திப் பார்த்த சடைகள். எப்போது சேரும், எப்போது சேரும் என்று காத்திருந்து, சேர்ந்த மாதத்திலேயே நானே வெட்டினேன். அவள் அழவில்லை. இது முடி, பாருங்கள், வெறும் முடி என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வீடு எரியவில்லை. யாருக்கும் சாமி வரவில்லை. பிறகு சின்னையன் கையெடுத்துக் கும்பிட்டு, ஆத்தா மலையேறிவிட்டாள், போகும்போது பிரசாதம் விட்டுப் போகிறாள் என்றார். உடனே மாமியார் உட்கார்ந்து சடைகளை முந்தானையில் பொறுக்க ஆரம்பித்தாள். எனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று கைகள் நீண்டன. அதில் ஒரு கை புஷ்பவள்ளியுடையது.

இலக்கியா எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்தாள். வெட்டிய தலையில் மண்டை திட்டுத்திட்டாகத் தெரிந்தது.

"இன்னிக்கி சக்கர ஊசி போட்டீங்களாம்மா?"

"ஆஸ்பத்திரில போடச் சொல்லித்தான் குடுத்து அனுப்புனாங்க," என்றாள் புஷ்பவள்ளி. "மருந்த நிறுத்தச் சொன்னது நீதான. நீ ஒரு வார்த்த சொல்லாம எப்புடிப் போடுறது, ஆத்தா?"

இலக்கியா திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. தரையில் கிடந்த முடியைப் பார்த்தேன்.

"போடுங்க," என்றாள். "ஆத்தாதான் சொல்றேன். தெனமும் போடணும். மாத்திரையும் போடணும்."

"சரி ஆத்தா," என்று அந்த அம்மாள் கும்பிட்டுவிட்டுக் கோலை ஊன்றிக்கொண்டு போனாள்.

போன மாதம் லேபுக்கு வந்திருந்தாளாம். சர்க்கரை நன்றாகக் குறைந்துவிட்டது, ஆத்தா வாக்கு என்று ஒருநாள்கூட ஊசியை விட்டதில்லையாம். நல்ல செய்திதான். இலக்கியா அதைச் சொன்னபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.