மராலுன் பேரரசில் ஒரு முள்ளியவளைத் தூதன்

பின்னேரமானால் எங்கள் வீட்டுக் குசினியில் ஒரு சக்கரவர்த்தி சீறத் தொடங்குவார். மீன் பொரிகிற சத்தத்துக்கு மேலால் அவருடைய குரல் கேட்கும். தளபதிகளை ஏசுவார், மகாராணியிடம் கெஞ்சுவார், நடுவில் உப்புப் போத்தல் எங்கே என்று தகாலோக் மொழியில் தேடுவார். எழுபதுகளில் நெல் வேளாண்மை படிக்கப் பிலிப்பைன்ஸுக்கு வந்து, இந்த லகூனா மாகாணத்துப் பண்ணையொன்றிலேயே வேலைக்கு நின்றுவிட்டவன் நான். எனக்கு அறை வாடகைக்குத் தந்த அலிங் நேனாதான் அந்தச் சக்கரவர்த்தி. நாங்கள் அக்கா என்கிற இடத்தில் இங்கே அலிங் என்பார்கள். முதல் கிழமை மனுசிக்கு விசர் என்றே நினைத்தேன். பிறகுதான், உள்ளூர் வானொலிக்குக் கிழமைக்கொரு நாடகம் எழுதி நடிக்கிறவர் அவர் என்று தெரிந்தது.

நாடகம் மராலுன் என்ற பேரரசைப் பற்றியது. அப்படியோர் அரசு உலகத்தில் எங்கும் இருந்ததில்லை. அதன் மலைகள், கடல்கள், மந்திரவாதிகள் எல்லாம் நேனாக்காவின் கற்பனை. அது பரவாயில்லை, கதை எழுதுகிறவர்கள் செய்வதுதான். ஆனால் அந்தச் சனங்கள் பேசும் பாஷையையும் அல்லவா அவர் உண்டாக்கியிருந்தார்! தகாலோக்கில் தண்ணீருக்கு 'தூபிக்' என்று பெயர். அதைத் தலைகீழாகத் திருப்பி, வாலில் ஓர் ஓசையை ஒட்டி, 'பிக்தூரா' என்பார். உடனே அது மராலுன் தேசத்து ஆறாகிவிடும். அரசனோடு பேச ஒரு விதம், சேவகனோடு பேச இன்னொரு விதம், பிள்ளையை நித்திரையாக்க வேறொரு விதம். அடேயப்பா! எனக்குத் தமிழ் சும்மா கிடைத்தது. அதற்கு ஒரு சொல் கூட்டிக் கொடுத்தவனில்லை நான். இந்த மனுசி சட்டிக்கும் அகப்பைக்கும் நடுவில் நின்று ஒரு முழுப் பாஷையைப் பெற்றெடுத்திருக்கிறார். சத்தியமாய்ச் சொல்கிறேன், கோயிலில் நிற்பதுபோல அந்தக் குசினி வாசலில் நின்றிருக்கிறேன்.

ஒருநாள் வேலையால் வந்தபோது குசினியில் ஒரு சத்தமுமில்லை. நேனாக்கா கதிரையில் இருந்து அழுதுகொண்டிருந்தார். அந்தப் பாஷை சனங்களுக்கு விளங்கவில்லை என்று வானொலி மனேச்சர் சொல்லிவிட்டாராம். இன்னும் ஒரு நாடகம்தான் தவணை. அதிலும் விளங்காவிட்டால் மராலுன் அரசன் முதல் சேவகன் வரை எல்லாரும் தகாலோக்கில்தான் பேசவேண்டும். அவர் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன்.

"அந்தப் பாஷையை எடுத்தால் அங்கை ஒருத்தரும் உயிரோடை இராயினம், தம்பி. வேஷம் போட்ட ஆக்கள்தான் நிப்பினம். பிறகு நான் எழுதமாட்டன்."

என்ன சொல்லித் தேற்றுவது? வாய்க்கு வந்தது, கதிரடித்து நெல் பிரிக்கிற எங்கள் சூடடிப்புக் களத்தின் கதைதான்.

ஐம்பதுகளில், குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து முள்ளியவளைப் பக்கம் வந்தது. அப்பாவுக்குப் புகையிலை தெரியும், நெல் புதிது. முதல் அறுவடைக்குச் சூடடிக்க உதவிக்கு வந்தவர் கந்தையர், அந்த ஊரின் பழைய கமக்காரர். களத்துக்குள் கால் வைத்ததும் அவரும் ஆட்களும் வேறு பேச்சுப் பேசினார்கள். மாட்டுக்கு வேறு பெயர், சுளகுக்கு வேறு பெயர், கடகத்துக்கும் வேறு பெயர். நெல் அங்கே நெல்லில்லை, பொலி. வழக்கமான பெயர் காதில் விழுந்தால் பூதங்கள் வந்து பொலியை அள்ளிக்கொண்டு போய்விடுமாம். களத்துக்கு வெளியே வந்து சுருட்டுப் பற்றவைத்தால் பழையபடி எங்கள் தமிழ்தான். அப்பாவுக்கு இதொன்றும் தெரியாது. அந்த வருஷம் மழை பிழைத்ததால் குவியலும் சின்னது. அந்தக் கவலையோடு வரம்பில் நின்று உரத்துக் கேட்டார்.

"என்ன கந்தையா அண்ணை, நெல் முடிஞ்சுதோ?"

அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். தூற்றிக்கொண்டிருந்தவர் உயர்த்திய கையை இறக்கவில்லை. கந்தையர் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்தார்.

"ஐயோ தம்பி, களத்தடியிலை நிண்டு அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லாதேங்கோ! பெருகிச்சு எண்டு சொல்லுங்கோ."

அப்பா அந்தச் சின்னக் குவியலைப் பார்த்தார். "பெருகிச்சு" என்றார். குரல் உடைந்துவிட்டது.

நேனாக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பிறகு உங்கடை அப்பாவுக்கு என்ன தண்டனை குடுத்தவை?"

"தண்டனையோ? தேத்தண்ணியும் பனங்கட்டியும் குடுத்தவை."

அவர் நம்பவில்லை. ஆனால் அன்று மீன் கருகியது தெரியாமல் எழுதினார். எழுதி முடித்ததும், அதில் வரும் பிறதேசத் தூதனாக நான்தான் நடிக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். என் தகாலோக்கைக் கேட்டுச் சந்தையில் சிரிக்காத ஆளில்லை. மராலுன் பாஷையிலோ ஒருவரும் பிறக்கவில்லை, என்னைப் பார்த்துச் சிரிக்க அங்கே ஆளே கிடையாது. அந்தத் துணிவில் ஒப்புக்கொண்டேன்.

நாடகம் நேரடியாகவே ஒலிபரப்பானது. பஞ்ச காலம். மகாராணியின் களஞ்சியம் வெறுமையாகக் கிடக்கிறது. தூதன் உள்ளே வந்து, சொல்லக்கூடாத அந்தச் சொல்லால் கேட்கிறான்: தானியம் முடிந்துவிட்டதா? மராலுன் பாஷையில் நான் கேட்டேன். மகாராணியான நேனாக்கா பதில் சொல்லாமல் நின்றார். ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அப்பால் மனேச்சர் பதறி எழும்பினார். அப்போதுதான் 'லகோமா' என்றார் மகாராணி. பெருகியது என்று அர்த்தம். முந்திய நாடகங்களில் அறுவடைக்கு அறுவடை குடியானவர்கள் கும்மாளமிட்டுக் கூவிய சொல் அது. அதே சொல் இப்போது உடைந்த குரலில் வந்தது. எனக்கு அப்பாவே வந்து நின்றதுபோல இருந்தது. "எந்தத் தேசத்தவன் நீ?" என்று மகாராணி கேட்டபோது, பாடமாக்கிய பெயர் மறந்தேபோய்விட்டது.

"முள்ளியவளை" என்றேன்.

மகாராணி கண் இமைக்காமல் அந்தப் பெயரை 'லகோமா'வோடு சேர்த்துத் திருப்பிச் சொன்னார்.

வெளியே வந்தால், எதிர்க்கடை றேடியோவைச் சுற்றி ஒரு கூட்டம். பெண்கள் மூக்கைச் சீறிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அர்த்தம் கேட்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற மனேச்சர், "சரி, பாஷை இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். நேனாக்கா நடுத்தெருவில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பிள்ளைபோல் குதித்தார்.

அடுத்த சந்தை நாள் ஜீப்னி என்கிற சின்னப் பஸ்ஸில் போனேன். நம்மூர்த் தட்டிவான்போல அதிலும் ஆள்மேல் ஆள்தான். கீரைக்கூடையோடு இருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்: முள்ளியவளை கடலுக்கு அப்பால் இருக்கிறது, அங்கே ஒன்றுமே முடிவதில்லை, எல்லாம் பெருகிக்கொண்டேதான் இருக்கும். காசை நீட்டி இறங்குமிடம் சொன்னேன். சாரதி குரலை வைத்தே ஆளை மட்டுக்கட்டிவிட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"நீங்கள் அந்தத் தூதன்தானே? உண்மையாய் அப்பிடி ஒரு ஊர் இருக்கோ?"

"ஓம், இருக்கு" என்றேன். "என்ரை ஊர். என்ரை அப்பாவும் அம்மாவும் இப்பவும் அங்கைதான் இருக்கினம்."

என் நடிப்பை மெச்சி ஜீப்னி முழுக்கக் கைதட்டியது.