பந்தலடியில் கிடைத்த அனுமதி

“…பட்டாசு வேறயா? நான் என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கேன்? மரப்பெட்டி செய்யிற எடத்துல தீ பிடிக்குமா பிடிக்காதான்னு பாக்க வந்திருக்கேன்யா!”

சாணார்பட்டிக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில், எங்கள் ஊர்ப் பெண்கள் குழுவின் கொட்டகை வாசலில் ஜீப்பை விட்டு இறங்கியதும் தீயணைப்பு அதிகாரி சொன்னது இது. அவர் தலைக்கு மேலே காய்ந்த தென்னங்கீற்றுப் பந்தல். காலடியில் பாய் விரித்த மாதிரி சரவெடி. இரண்டும் என் அண்ணனின் ஏற்பாடு. பங்குனி வெயிலில், தீயைப் பற்றி விசாரிக்க வருகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வரவேற்பு உலகத்தில் எவனுக்கும் தோன்றியிருக்காது.

குழுவுக்குத் தலைவி என் மதினி. அண்ணன் சம்சாரம்தான். மாம்பழத்துக்கும் தக்காளிக்கும் பெட்டி அடிக்கிற வேலையை இவர்கள் பல வருஷம் வத்தலக்குண்டுப் பக்கம் போய்ச் செய்தவர்கள். தைலமரம் எங்கள் ஊரில், தோப்பு எங்கள் ஊரில், பெட்டி மட்டும் வெளியூரில். ஏற்றி இறக்கியவன் நான், லோடு ஆட்டோக்காரன்.

ஊரிலேயே கொட்டகை போட்டு, கரண்டு ரம்பமும் வாங்கிவிட்டு, அனுமதி கேட்டார்கள். போன வருஷம் இதே அதிகாரி வந்தார். சுவர் வரைக்கும் காய்ந்து நின்ற புல்லைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். ஒற்றை ரோட்டையும் பார்த்தார். “கோடையில மலையில தீ எறங்குது. மரத்தூளு ஒரு பொறிக்குத் தாங்காது. திண்டுக்கல்லேர்ந்து எங்க வண்டி வந்து சேர்றதுக்குள்ள சாம்பல்தான் மிஞ்சும். அரசாங்கமே தொழிற்பேட்டையில எடம் தருதும்மா, அங்க போங்க” என்றார்.

“பாலக் கறந்து, பிள்ளைகளப் பள்ளிக்கொடம் அனுப்பி, ரெண்டு பஸ் மாறிப் போயி நான் எப்ப சார் ஆணி அடிக்க?” என்றாள் மதினி.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. தீ பிடிக்கிற இடத்தில் மரத் தொழிலை அனுமதித்துவிட்டு, பிடித்த பிறகு நஷ்டஈடு கொடுப்பதில் யாருக்கு என்ன லாபம்? ஆனால், மரம் விளைகிற ஊரிலெல்லாம் கோடையில் தீயும் உண்டு. அதற்காக அந்த ஊர்க்காரர்களை எல்லாம் பஸ் ஏற்றிவிட முடியுமா? கடைசியில் அவரே வழியும் சொன்னார்: “வண்டி வார வரைக்கும் நீங்களே தீயத் தாங்கிப் பிடிச்சாகணும். அதுக்கு ஏற்பாடு இருந்தா மறுபடி கூப்பிடுங்க.”

மதினி அதைப் பிடித்துக்கொண்டாள். கொட்டகையைச் சுற்றி ஆட்டுக்கிடை போடச் சொன்னாள். ஆடு மேய்ந்து, மிதித்து, புழுக்கை போட்டதில் சுற்றிலும் வெறும் மண்ணானது. சிமெண்ட் தொட்டி, டீசல் மோட்டார், மணல் வாளி வந்தன. வாரம் தவறாமல் ஒத்திகை. எவர்சில்வர் தட்டை அவள் தட்டினால் பெண்கள் வரிசை கட்டி வாளி கைமாற்றுவார்கள்.

டீக்கடையில் கேலி தாங்காது. “ஏத்தா, இன்னைக்கு எந்தத் தீய அணைச்சீக?” என்பான் ஒருவன்.

“ஒன் வாயில இருக்கே பீடி, அடுத்து அதுதான்ப்பு. செத்த நேரம் வாயத் தொறந்து வையி” என்பாள் மதினி.

இப்படி ஒரு வருஷம் பாடுபட்ட இடத்தில்தான் அண்ணன் ஆசையாசையாகப் பந்தல் போட்டிருந்தார். அதிகாரி பேசி முடிக்கவில்லை. சரத்தின் அந்தக் கோடியில் நின்ற அண்ணனின் சேக்காளி, ஜீப் வந்ததே உத்தரவு என்று நினைத்துத் திரியில் நெருப்பு வைத்துவிட்டான். வெடித்த வெடியில் ஒன்று துள்ளிப் பந்தலுக்குள் போனது. கீற்று குப்பென்று பற்றியது.

“போச்சு, எல்லாம் போச்சு” என்று அண்ணன் தலையில் கை வைத்தார். மதினி தட்டைத் தட்டினாள்.

“சார், செத்த தள்ளி நில்லுங்க!”

அதிகாரி தள்ளி நின்றார். நானும் நின்றேன். ரெண்டு பெண்கள் தொரட்டிக் கம்பால் பந்தலை இழுத்து வெறும் மண்ணில் சாய்த்தார்கள். மோட்டார் உறுமியது. வாளிகள் பறந்தன. சாய்த்த பந்தலுக்கும் கொட்டகைக்கும் நடுவே தீ தொற்றிக்கொள்ள ஒரு புல் கிடையாது. வண்டிக்குப் போன் போட அதிகாரி கையில் எடுத்த போன் அப்படியே இருந்தது. தீ அடங்கிவிட்டது. அண்ணன் மட்டும் தலை முதல் கால் வரை நனைந்து நின்றார்.

“அவர எதுக்கும்மா நனைச்சீங்க?” என்றார் அதிகாரி.

“பந்தல் போட்டவரு சார். அவருக்குத் தனி வாளி.”

அவர் சிரிக்காமல் அடுத்ததைக் கேட்டார். “ராத்திரி ஆள் இல்லாதப்ப?”

“மரத்தூளு ராத்தங்காது சார். சாயங்காலமே செங்கச் சூளைக்குப் போயிரும். காவலுக்குக் கெடைக்காரரு குடும்பம் இங்கதான் இருக்கு.”

அவர் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தொட்டியை எட்டிப் பார்த்தார். “பரிந்துரை எழுதிர்றேன். இங்கயே நடத்துங்க” என்றார். பெண்கள் போட்ட கூச்சலில் கிடை ஆடுகள் மிரண்டு ஓடின.

அவர் வாசலுக்குத் திரும்பி, தண்ணீர் பட்டு அணைந்து, வெடிக்காமல் மிச்சம் கிடந்த சரவெடியை வாரியெடுத்து வந்து தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கினார். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஒரு வருஷமாகக் கோணி போர்த்திக் கிடந்த ரம்பத்தின் கோணியை உருவிப் போட்டுவிட்டு, சுவிட்சைத் தானே போட்டார்.