சொம்பில் இருந்த பேர்

புதிதாக வாங்கிய மெட்டல் டிடெக்டர் ஏரிக்கரையில் கத்திய இடத்தில் தோண்டி, களிம்பேறிய பித்தளைச் சொம்பு ஒன்றைத் தம்பி எடுத்துவந்தான். நான் அதில் புளியைப் பூசியதுமே அந்த வாசனையில் செத்துப்போன அம்மா நினைவில் வந்துவிட்டாள்.

மில் வேலை முடிந்து வந்து, கொல்லையில் குந்திச் செங்கல் தூளால் பாத்திரங்களை அரக்கித் தேய்ப்பாள். பேர் வெட்டிய இடத்தை மட்டும் கட்டைவிரலால் மெல்லத் தேய்ப்பாள். அப்பா பழசாக வாங்கிவந்த ஒரு சொம்பிலோ வேறு யாரோ ஒருத்தியின் பேர் இருந்தது.

"அடுத்தவ பேரு நமக்கெதுக்கு? தேச்சி அழிச்சிடு" என்றார் அப்பா.

"ஆசையா வெட்டிக்கினு இருப்பா. அத அழிக்க நான் யாரு?" என்று சீறினாள் அம்மா. அந்தப் பேரையும் கட்டைவிரலால்தான் கடைசிவரை தேய்த்தாள்.

தம்பி கம்பி நாரை நீட்டினான். வேண்டாமென்று கட்டைவிரலை வைத்தேன். புளிக்கடியிலிருந்து எழுத்து எழுத்தாக வெளியே வந்தாள், யாரோ ஒரு செல்லம்மா.